பறவைக்கும் பந்துக்கும் ஒரே லென்ஸ்: 200-500ஆ, 150-600ஆ?

ஏரிக்கரை:

வணக்கம். மூன்று வாரமாக இதையே நினைத்துக் குழம்பிக் கிடக்கிறேன், யாராவது தலையில் குட்டி ஒரு வழி சொல்லுங்கள். என்னிடம் இருப்பது நிக்கான் டி7200, அதோடு பழைய ஏஎஃப்-எஸ் (உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள ரகம்) 70-300 மி.மீ. விஆர் (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி) லென்ஸ். காலையில் நீர்ப்பறவைகள், சனி ஞாயிறு மாலையில் எங்கள் கால்பந்து அணியின் ஆட்டங்கள். இரண்டுக்குமே 300 பற்றவில்லை என்று தோன்றுகிறது. மீன்கொத்தியை எடுத்தால் படத்தின் நடுவில் ஒரு நீலப் பொட்டு இருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் இறகு எது கிளை எது என்று தெரியவில்லை. கால்பந்தில் முகம் எல்லாம் இழுத்துப் பூசினது மாதிரி வருகிறது.

மனசில் இருப்பவை மூன்று. நிக்கான் 200-500 எஃப்/5.6 (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்), சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 ஜி2. நண்பர் ஒருவர் இது மூன்றும் வேண்டாம், 70-200 எஃப்/2.8 வாங்கி 2 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) மாட்டிக்கொள், விளையாட்டுக்கு 200, பறவைக்கு 400, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

இன்னொரு பயம். போன வாரம் தெரிந்தவரிடம் ஒரு 150-600 ஒரு நாள் கடன் வாங்கினேன். மதியம் 12 மணிக்கு தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்ற கொக்குகளை 600இல் எடுத்தேன், ஷட்டர் 1/1600 விநாடி, முக்காலியில். ஐம்பது படத்தில் ஒன்றுகூட கூர்மையாக இல்லை. இந்த ரக லென்ஸ் எல்லாமே இப்படித்தான் என்றால் பேசாமல் 300உடனேயே இருந்துவிடுவேன்.

---

கூழைக்கடா:

கொக்கு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அந்த லென்ஸ் பாவம். மதியம் 12 மணி, தண்ணீருக்கு அந்தக் கரை என்றால் நூறு இருநூறு மீட்டர் இருக்கும். வெயிலில் சூடான கரையிலிருந்து எழும் காற்றும் தண்ணீர் மேல் உள்ள காற்றும் வேறு வேறு வெப்பத்தில் கலங்கிக்கொண்டே இருக்கும், ஒளி அதற்குள் நெளிந்து நெளிந்துதான் வருகிறது. கானல் தெரியும் அதே சமாச்சாரம். 300இல் இது அவ்வளவாகத் தெரியாது, 600 அதையும் சேர்த்துத்தானே பெரிதாக்குகிறது. உலகத்திலேயே விலை கூடிய 600 எஃப்/4ஐக் கொண்டுபோய் வைத்தாலும் அந்த நேரத்தில் அதே கஞ்சிதான் வரும்.

சந்தேகம் இருந்தால் அந்த ஐம்பது படத்தையும் திறந்து ஒரே இடத்தை, கொக்கின் கால் மாதிரி நேர்க்கோடாக இருக்கும் ஒன்றை, மாற்றி மாற்றிப் பாருங்கள். படத்துக்குப் படம் கால் வேறு வேறு விதமாக வளைந்திருந்தால் காற்று. எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தள்ளிப்போயிருக்கிறது, அல்லது லென்ஸில் கோளாறு. அதைச் சோதிக்க விடிந்ததும் 15 மீட்டரில் மரப்பட்டையை எடுங்கள். மதியத்தில் தூரத்தில் எடுத்த படத்தை வைத்து எந்த லென்ஸுக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது.

இனி எத்தனை மி.மீ. வேண்டும் என்பது. எல்லாரும் பொத்தாம்பொதுவாக 'பறவைக்கு 600' என்பார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெளியும். உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ., அதில் 6000 பிக்சல். சிறு மீன்கொத்தி அலகு நுனியிலிருந்து வால்வரை சுமார் 16 செ.மீ. 20 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 300இல் அது கிட்டத்தட்ட 610 பிக்சல் வரும். 500இல் 1020. 600இல் 1225. ஆக 300இலிருந்து 500க்குப் போவது பெரிய தாவல், 500இலிருந்து 600க்குப் போவது சின்ன படி. அதற்காக இந்த இரண்டுக்கும் நடுவில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் அதே கணக்கில் இருக்கிறது. உங்கள் பழைய 300ஐ வைத்துக்கொண்டே 20 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்கு நகர்ந்துவிட்டால் அதே 1020 பிக்சல் கிடைத்துவிடும். எட்டு மீட்டர்! பறவை பறந்துவிடும் என்பீர்கள், நடந்து போனால் பறக்கும்தான். அது தினம் வந்து உட்காரும் குச்சி எது என்று நான்கு நாள் பார்த்துவிட்டு, விடிவதற்கு முன்னால் போய்ப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அது தானாக உங்களிடம் வரும். நான் நல்ல படம் எடுக்கத் தொடங்கியது லென்ஸ் மாற்றியதால் இல்லை, உட்காரக் கற்றதால்.

சரி, இதையெல்லாம் சொல்லிவிட்டு நானும் 200-500தான் வைத்திருக்கிறேன். பறவைக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்வேன். கால்பந்து எனக்குத் தெரியாது.

---

கார்னர் கொடி:

கால்பந்து எனக்குத் தெரியும், அதனால் 200-500ஐக் கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்போம்.

டி7200இல் 200 மி.மீ. வைத்துக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 10 மீட்டரில் நிற்பவர் படத்துக்குள் 1.18 மீட்டர்தான் அடங்குவார். தலை முதல் இடுப்புக்குக் கீழே கொஞ்சம். முழு ஆள், கூடவே பந்து, ஓர் அரையடி இடம் எல்லாம் வேண்டும் என்றால் அவர் 20 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கோட்டோரத்தில் உட்கார்ந்து எடுக்கிறவருக்கு நல்ல தருணம் பாதி அந்த 20 மீட்டருக்குள்தான் நடக்கும்: கார்னர் எடுப்பது, கோட்டை ஒட்டி இருவர் மோதுவது, கோல் போட்டவர் கையை விரித்துக்கொண்டு உங்கள் பக்கமே ஓடி வருவது. கடைசியாகச் சொன்னது இருக்கிறதே, அதை 200-500 மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை தவறவிட்டுப் பாருங்கள், அன்று தூக்கம் வராது. 150-600 கொஞ்சம் பரவாயில்லை, 15 மீட்டரில் முழு ஆள் வந்துவிடுவார். அதுவும் போதாது என்பது என் கட்சி.

மைதானம் பெரிது, அந்தக் கோல் தூரம் என்று தோன்றும். தரமான மைதானம் 105 மீட்டர் நீளம். அந்தக் கோலில் நடப்பதை இந்தக் கோலிலிருந்து எடுக்க நினைப்பதே தப்பு, 600 வைத்து எடுத்தாலும் நடுவில் பத்துப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். உங்கள் அணி எந்தப் பக்கம் தாக்குகிறதோ அந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் மூலையில் உட்காருங்கள், இடைவேளையில் பக்கம் மாறும்போது நீங்களும் மாறுங்கள். அங்கிருந்து பெனால்டி பெட்டிக்குள் நடப்பதற்கு 70 முதல் 200 போதும், எப்போதாவது 300.

முகம் இழுத்துப் பூசினது மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது எட்டாத குறை இல்லை, வெளிச்சக் குறை. என்ன ஷட்டரில் எடுத்தீர்கள்? 1/250, 1/320 இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஓடுகிறவரை நிறுத்த 1/1000 வேண்டும், உதைக்கிற காலை நிறுத்த இன்னும் கொஞ்சம். மாலை 6 மணிக்கு எஃப்/2.8இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு, கூட்டக் கூட்டப் படம் புள்ளி புள்ளியாகக் கெடும்) 3200 கேட்கும் வெளிச்சம், எஃப்/5.6இல் 12800 கேட்கும், எஃப்/6.3இல் 16000 கேட்கும். சிக்மாவும் டாம்ரானும் 500ஐத் தொடுவதற்கு முன்பே 6.3க்குப் போய்விடும். டி7200 நல்ல கேமரா, ஆனால் 16000இல் அது தருவதை யாருக்கும் காட்ட முடியாது.

விஆர் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் கை ஆடுவதைத்தான் பிடிக்கும், எதிரில் ஓடுகிறவரை அதனால் பிடிக்க முடியாது.

---

ஏரிக்கரை:

பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள், பெரும்பாலும் 1/320தான். மங்கலாக இருக்கிறதே, இன்னும் கிட்டே இழுத்தால் தெளிவாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கூழைக்கடா சொன்னபடி கொக்கின் காலையும் பார்த்தேன். ஒரு படத்தில் நேராக, அடுத்ததில் பாம்பு மாதிரி, அதற்கடுத்ததில் இரண்டாகப் பிரிந்து! ஐம்பதையும் வேகமாக ஓட்டினால் கொக்கு நடனமாடுகிறது. லென்ஸ் கொடுத்தவரிடம் அது சரியில்லை என்று வேறு சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அப்படியானால் கேள்வியையே மாற்ற வேண்டுமோ? நண்பர் சொன்ன 70-200 எஃப்/2.8 கூட 2 மடங்கு கன்வெர்ட்டர் என்ற யோசனைக்கே திரும்பிவிடவா?

---

பழைய சுருள்:

வேண்டாம். 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைத் தின்னும், ஆக 140-400 எஃப்/5.6 ஆகிவிடும். காகிதத்தில் பிழை இல்லை. ஆனால் லென்ஸில் உள்ள சின்னச் சின்னக் குறையையும் அது இரண்டு மடங்காக்கும், ஃபோகஸ் வேகமும் குறையும், பறக்கிற பறவைக்கு அது போதாது. பறவை என்பது எப்போதாவது என்றால் சரி, நீங்கள் தினம் காலையில் போகிறவர். வருஷத்தில் முன்னூறு நாள் கன்வெர்ட்டரைக் கழற்றாமல் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் எஃப்/2.8க்குக் கொடுத்த காசு எதற்கு? 1.4 மடங்கு கன்வெர்ட்டர் வேறு கதை, ஒரு ஸ்டாப்தான் போகும், நல்ல லென்ஸில் தரமும் அதிகம் கெடாது. ஆனால் அதையும் எஃப்/6.3 ஜூமில் மாட்டக்கூடாது, எஃப்/9 ஆகிவிடும், உங்கள் கேமராவின் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். 200-500இல் மாட்டினால் எஃப்/8, அதுவும் நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றுதான் வேலை செய்யும்.

நான் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். ஜூம் எதற்கு? பறவைக்கு 300 பற்றவில்லை என்கிறீர்கள், அப்படியானால் எப்போதும் கடைசி எல்லையில்தான் வைத்திருப்பீர்கள். நிக்கானில் உங்கள் கேமராவில் ஏறும், பிஎஃப் என்று எழுதிய லென்ஸ்கள் இரண்டு உண்டு. 2015இல் வந்த 300 எஃப்/4, எடை 755 கிராம். 2018இல் வந்த 500 எஃப்/5.6, 1460 கிராம். உள்ளே ஃப்ரெனெல் வரி போட்ட ஒரு கண்ணாடி, அதனால்தான் குட்டையாகவும் இலேசாகவும் இருக்கும். 200-500 எடை 2300 கிராம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். என் தோள் இருக்கும் நிலைக்கு அந்த 840 கிராம்தான் எல்லாம். 500 பிஎஃப் விலை அதிகம், மறுக்கவில்லை. 300 பிஎஃப் மேல் 1.4 மாட்டினால் 420 எஃப்/5.6, மொத்தமாக ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் முடிந்துவிடும், ஒரு கையால் தூக்கலாம்.

அப்புறம் ஒரு சொந்தக் கதை, யாருக்காவது உதவும். என் முதல் 500 வாங்கியபோது கண்ணாடிக்குப் பாதுகாப்பு என்று முன்னால் ஒரு மலிவு யூவி ஃபில்டரையும் சேர்த்து வாங்கினேன். மூன்று மாதம் படம் எல்லாம் இரட்டைக் கோடு போட்ட மாதிரி வந்தது. ஃபோகஸைத் திருத்தினேன், முக்காலி மாற்றினேன், விஆரை அணைத்தேன், லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியில்கூட வைத்துவிட்டேன். துடைப்பதற்காக ஃபில்டரைக் கழற்றிய அன்று, சும்மா ஒரு படம் எடுத்துப் பார்த்தால் காக்கையின் கண்ணில் நான் நிற்பது தெரிகிறது. குறுகிய லென்ஸில் தெரியாத ஃபில்டர் குறை நீள லென்ஸில் பல்லைக் காட்டும். ஹூடை (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல்) போடுங்கள், அதுவே பாதுகாப்பு.

---

கூழைக்கடா:

ஜூம் எதற்கு என்று கேட்ட பெரியவருக்கு: பறவையைக் கண்ணாடிக்குள் கண்டுபிடிக்கத்தான்! 500இல் டி7200 காட்டும் கோணம் அகலவாக்கில் மூன்று டிகிரிக்கும் குறைவு. வெறும் கண்ணுக்குப் பறவை தெரியும், கேமராவைத் தூக்கினால் இலை, இலை, இலை, வானம். அதற்குள் அது போயிருக்கும். 200இல் பிடித்து, அது நடுவில் வந்ததும் 500க்கு இழுக்கலாம். பழகியவர்களுக்கு 500 பிஎஃப் தெய்வம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 300இலிருந்து முதல்முறை ஏறுகிறவருக்கு ஜூம்தான் நல்லது.

யானை, மான் மாதிரி எதிர்பாராமல் பக்கத்தில் வந்து நிற்பவையும் உண்டு. 500 மட்டும் இருந்தால் யானையின் காதை எடுத்துக்கொண்டு வரலாம்.

---

ஒற்றைக்கால்:

எல்லாரும் கண்ணாடியைப் பற்றியே பேசுகிறீர்கள், தூக்குகிற ஆளைப் பற்றியும் யாராவது பேசுங்கள். 200-500 உடன் டி7200 சேர்ந்தால் மூன்று கிலோ. கையில் எடுத்ததும் 'இவ்வளவுதானா' என்று இருக்கும், இருபதாவது நிமிடம் இடது முழங்கை நடுங்க ஆரம்பிக்கும், அந்த நடுக்கத்தில்தான் பறவை வரும். 150-600 இரண்டும் இரண்டு கிலோவை ஒட்டி வரும், கொஞ்சம் ஆறுதல், ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்று, இந்த மூன்றுமே ஜூம் பண்ணும்போது வெளியே நீளும். நீண்டதும் பாரம் முன்னால் போகும், கை அதற்கு ஏற்ப நகர வேண்டும். சோனி 200-600, நிக்கானின் புது இசட் 180-600 இரண்டும் உள்ளுக்குள்ளேயே நகர்கிறவை, நீளாது, அந்தச் சுகம் தனி. ஆனால் உங்கள் கேமராவில் அவை ஏறாது.

மோனோபாட் (ஒரே கால் உள்ள தாங்கி) வாங்குங்கள். கால்பந்துக்கும் ஆகும், கரையோரத்துக்கும் ஆகும். முக்காலியைவிடச் சட்டென்று நகரலாம். காரிலிருந்து எடுப்பதானால் ஜன்னல் மேல் ஒரு பீன் பேக், எஞ்சினை அணைத்துவிட்டு. தோள்வாரைக் கேமராவில் மாட்டாதீர்கள், லென்ஸின் காலரில் (முக்காலியில் பொருத்த லென்ஸைச் சுற்றி இருக்கும் வளையம்) மாட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கிலோவும் மவுண்டில் தொங்கும். 200-500இன் விஆரில் ஸ்போர்ட் என்று ஒரு நிலை இருக்கிறது, பறவையைத் துரத்தும்போது அதில் வையுங்கள், சாதாரண நிலையில் வ்யூஃபைண்டர் படம் நம் கையோடு மல்லுக்கட்டும். ஃபோகஸ் லிமிட்டர் பொத்தானையும் மறக்காதீர்கள், தூரத்தில் பறக்கிறவற்றுக்கு அதைப் போட்டால் லென்ஸ் கிட்டத்துக்கும் எட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருக்காது.

பழையது வாங்குவதாக இருந்தால், இந்த மூன்றும் நிறையக் கிடைக்கும், ஒரு சின்ன டார்ச்சைக் கொண்டுபோங்கள். பின் மூடியைக் கழற்றி, லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் கவலை இல்லை. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முழுசாக நீட்டிக் கீழ்நோக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதன்பின் உங்கள் கேமராவில் மாட்டி, எல்லாக் குவியத் தூரத்திலும் பத்துப் பத்துப் படம், அங்கேயே பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒருமுறை நான் கூச்சப்பட்டுப் பார்க்காமல் வாங்கி வந்த லென்ஸ், 400க்கு மேல் போனால் ஸ்டெபிலைசர் மிக்ஸி மாதிரி சத்தம் போட்டது.

டி7200இல் ஃபோகஸ் நுண் திருத்தம் (ஃபோகஸ் முன்னால் பின்னால் தள்ளிப்போவதைச் சரிசெய்வது) உண்டு, ஆனால் லென்ஸுக்கு ஒரே ஓர் எண்தான், 200க்கும் 500க்கும் சேர்த்து. சிக்மா வாங்கினால் அவர்களுடைய யூஎஸ்பி டாக்கில் (லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவி) நான்கு குவியத் தூரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு தொலைவு, ஆகப் பதினாறு இடத்தில் தனித்தனியாகத் திருத்தலாம். பொறுமை இருக்கிறவருக்கு அது வரம். பொறுமை இல்லாதவர் பதினாறையும் கெடுத்துக்கொள்வார், நான் அந்த இரண்டாவது ரகம்.

---

கார்னர் கொடி:

ஒரு வேலை செய்யுங்கள். வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் இருக்கும் பழைய படங்களை எல்லாம் கணினியில் திறந்து, எது எந்த மி.மீ.இல் எடுத்தது என்று பாருங்கள். படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். நாங்கள் ஆயிரம் சொல்லலாம், உங்கள் கை எங்கே போய் நின்றது என்பதை அதுதான் சொல்லும். நன்றாக வந்த படங்களை மட்டும் எண்ணாதீர்கள், கெட்டுப்போனவை எதனால் கெட்டன என்பதையும் குறியுங்கள்.

---

ஏரிக்கரை:

இரண்டு இரவு உட்கார்ந்து எண்ணினேன். கண் எரிகிறது.

பறவையில் கிட்டத்தட்ட எல்லாமே 300. 'கொஞ்சம் குறைத்து எடுப்போம்' என்று நினைத்ததே இல்லை. கால்பந்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட படங்கள் 212. அதில் 300இல் எடுத்தவை வெறும் 31. மீதி எல்லாம் 90க்கும் 220க்கும் நடுவில்! தூக்கிப்போட்டவற்றில் 'தூரமாக இருக்கிறது' என்று கெட்டவை மிகக் குறைவு, அசைந்து கெட்டவைதான் மலை மாதிரி. அதிலும் முக்கால்வாசி இரண்டாவது பாதி ஆட்டம், வெளிச்சம் இறங்கின பிறகு.

ஆக, கால்பந்துக்கு 300 பற்றவில்லை என்று நான் புலம்பியதே பொய். பறவைக்கு நீளம் வேண்டும், பந்துக்கு வெளிச்சம் வேண்டும், நான் இரண்டையும் ஒரே பெட்டியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போதைக்குப் பறவைக்கு மட்டும் வாங்குகிறேன், ஆட்டத்துக்கு இருக்கிற 70-300ஐ வைத்து முதல் பாதியை மட்டும் 1/1000இல் எடுக்கிறேன். பிறகு பழைய 70-200 எஃப்/2.8 ஒன்று கண்ணில் பட்டால் பார்த்துக்கொள்ளலாம், கன்வெர்ட்டர் இல்லாமல்.

200-500 என்றே முடிவு. 600 வரை போகிறதே என்ற சபலம் இருந்தது, 200 பிக்சல் கணக்கைப் பார்த்ததும் போய்விட்டது. நாளைக்கு நிக்கானின் மிரர்லெஸ் கேமராவுக்கு (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாதது) மாறினால் இது கூடவே வருமா?

---

பழைய சுருள்:

வரும். எஃப்டிஇசட் அடாப்டர் (பழைய நிக்கான் லென்ஸைப் புது இசட் கேமராவில் மாட்டும் இணைப்பு வளையம்) போட்டால் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு ஓடும். சிக்மா, டாம்ரான் வாங்கியிருந்தால்கூட ஓடும்தான், ஆனால் பழைய ஃபர்ம்வேர் இருந்தால் மக்கர் பண்ணும், புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அங்கே போனால் நுண் திருத்தத் தலைவலியும் பெரும்பாலும் தீர்ந்துவிடும், சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால். நான் இன்னும் 500 பிஎஃப் கட்சிதான், பதிவு செய்துகொள்ளுங்கள்.

---

ஏரிக்கரை:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பழைய 200-500 ஒன்று கிடைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், விற்றவர் சிரித்தார், நானும் சிரித்துக்கொண்டே அறுபது படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

முதல் நாலு நாள் அவமானம். மீன்கொத்தி எதிரிலேயே குச்சியில் உட்கார்ந்திருக்கிறது, எனக்கு இலைதான் தெரிகிறது, கூழைக்கடா சொன்ன அதே இலை. 500இலேயே வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன். அப்புறம் மொட்டை மாடியில் காக்கைகளை வைத்துப் பழகினேன். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு, பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவருவது, 200இல் பிடிப்பது, பிறகு இழுப்பது. நூறு காக்கையாவது எடுத்திருப்பேன். ஜூம் வளையம் நிறையத் திருப்ப வேண்டியிருக்கிறது, ஒரே பிடியில் 200இலிருந்து 500க்குப் போக முடியவில்லை, நடுவில் கையை மாற்றிப் பிடிக்கிறேன்.

நேற்று காலை 6:40. குச்சியிலிருந்து நான் 11 மீட்டர், புதருக்குப் பின்னால், கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. 500, எஃப்/5.6, 1/1000, ஐஎஸ்ஓ 1600. மீன்கொத்தி வாயில் மீனோடு வந்து உட்கார்ந்து, மீனைக் குச்சியில் இரண்டு தடவை அடித்தது. இருபத்தெட்டுப் படம். அந்தத் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு சாண்கூட இல்லை, ஃபோகஸை மார்பில் வைத்த படங்களில் கண் போய்விட்டது. கண்ணில் வைத்தவை ஆறு. அதில் ஒன்றில் மீனின் செதில்கூட எண்ணலாம்.

கடன் கொடுத்தவரிடம் போய் உங்கள் 150-600 நல்ல லென்ஸ்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏற்கெனவே அதை விற்றுவிட்டாராம்.